எச்சரிக்கை மணி எப்போது ஒலிக்க வேண்டும்?

மாதத்தின் முதல் தேதி. பேருந்து நிலையத்தை ஒட்டிய ஏ.டி.எம். முன்பு ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கின்றனர். முதலில் நிற்பவர் அட்டையைச் செருகி, இரகசிய எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார். திரையில் வட்டம் சுழல்கிறது, பணம் வரவில்லை. ஆனால் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது: கணக்கில் ஐயாயிரம் ரூபாய் பற்று வைக்கப்பட்டுள்ளது. அது மருத்துவமனையில் கட்ட வேண்டிய பணமாக இருந்தால், அந்தக் கணத்தில் அவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: “இது வங்கிக்குத் தெரியுமா?”

தெரியுமா, தெரியாதா என்பதைப் பெரும்பாலும் ஓர் எண் தீர்மானிக்கிறது. வங்கியின் வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளில், எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைக்கப்படும் எண் அது. வாடிக்கையாளர்களின் கண்ணில் படாத அந்த எண்ணைப் பற்றி இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கேட்டுக்கொண்டே இருக்கும் மென்பொருள்

நீங்கள் பணம் எடுக்கக் கோரும்போது, அக்கோரிக்கை இயந்திரத்திலிருந்து தொலைத்தொடர்பு இணைப்பின் வழியாக வங்கியின் தரவு மையத்தை அடைகிறது. வேறொரு வங்கியின் அட்டையாக இருந்தால், இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகத்தின் அமைப்பைக் கடந்து அந்த வங்கிக்குச் சென்று திரும்புகிறது. இவையனைத்தும் சில விநாடிகளில் நடந்தேற வேண்டும்.

இவ்வழியில் உள்ள ஒவ்வொரு கருவியையும் கண்காணிப்பு மென்பொருள் குறித்த இடைவெளியில் விசாரித்துக்கொண்டே இருக்கிறது. “இருக்கிறாயா?” என்று கேட்டு, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று அளக்கும் ‘பிங்’ என்னும் சிறு நிரலை 1983 டிசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியே அதற்குப் பெயரானது. 1988இல் வரையறுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை, இணைப்பு எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது, எத்தனை பிழைகள் நேர்ந்தன என்பன போன்ற விவரங்களையும் கேட்டறிய உதவியது. இவ்விரண்டும் இன்றளவும் பயன்பாட்டில் உள்ளன.

ஆனால் அளப்பது வேறு, எச்சரிப்பது வேறு. ஆயிரக்கணக்கான அளவுகளை ஒரு மனிதர் பார்த்துக்கொண்டே இருக்க இயலாது. “இந்த அளவு இதைத் தாண்டினால் என்னை அழை” என்று மென்பொருளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அந்த வரம்பை எங்கே வைப்பது என்பதில்தான் பொறியாளரின் அனுபவம் வெளிப்படுகிறது.

ஒரே வரம்பு எல்லா ஊருக்கும் பொருந்தாது

அந்தமான் தீவுகளை எடுத்துக்கொள்வோம். சென்னையையும், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரையும், வேறு சில தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்பு அத்தீவுகளின் தொலைத்தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது.

செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலே சென்று கீழே வர வேண்டும். பதிலும் அவ்வாறே மேலே சென்று கீழே வர வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ 1,44,000 கிலோமீட்டர். விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அலைக்கும் இதற்கு அரை விநாடி, அதாவது 500 மில்லி விநாடி தேவை. எந்தப் பொறியாளராலும் இதைக் குறைக்க இயலாது. மும்பைக் கிளைக்கு வைத்த 200 மில்லி விநாடி வரம்பையே அந்த இணைப்புக்கும் வைத்திருந்தால், பழுது எதுவும் இன்றியே நாள் முழுதும் மணி ஒலித்திருக்கும். எனவே அத்தகைய இணைப்புக்கு 800 மில்லி விநாடி வரம்பு வைப்பதே முறை.

பின்னர்க் கேபிள் வருகிறது. ஒளியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். 2,300 கிலோமீட்டர் சென்று திரும்ப 23 மில்லி விநாடி போதும். இடையிலுள்ள கருவிகளின் நேரத்தைச் சேர்த்து 50 என்றே கொள்வோம். இப்போதும் பழைய 800 வரம்பை மாற்றாமல் விட்டுவிட்டால் என்னவாகும்? இணைப்பு பத்து மடங்கு மெதுவாகி 500 மில்லி விநாடி ஆனாலும் மணி ஒலிக்காது. தீவில் வாடிக்கையாளர்கள் வரிசையில் வாடுவார்கள். கண்காணிப்பு அறையின் திரையோ பச்சை நிறத்தில் ஒளிரும்.

ஆகவே, ஒவ்வோர் இணைப்பின் இயல்பான நிலையையும் சில வாரங்களேனும் கவனித்த பின்னரே அதற்குரிய வரம்பை வகுக்க வேண்டும். பாதை மாறினால் வரம்பும் மாற வேண்டும்.

புலி வருகிறது என்ற கதை

வரம்பை மிகக் குறைவாக வைத்துவிட்டால் பாதுகாப்புதானே என்று தோன்றலாம். ‘புலி வருது, புலி வருது’ என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையை நாம் அனைவரும் அறிவோம். ஓர் இரவில் நானூறு முறை ஒலிக்கும் மணியை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள். அவற்றுள் ஒன்று உண்மையான பழுதாக இருந்தாலும் அது கவனத்துக்கு வராமல் போய்விடும்.

இதைத் தவிர்க்கச் சில நெறிகள் உள்ளன. ஒரே ஒரு முறை வரம்பு தாண்டினால் மணி ஒலிக்கக் கூடாது. அடுத்தடுத்து மூன்று முறை தாண்டினால் ஒலிக்கலாம். மணி தொடங்குவதற்கும் ஓய்வதற்கும் வெவ்வேறு வரம்புகள் தேவை: இணைப்பு 90 விழுக்காடு நிரம்பினால் தொடங்கி, 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பின்னரே ஓய வேண்டும். இல்லையேல் 89, 91 என ஊசலாடும்போதெல்லாம் மணியும் ஒலித்து ஒலித்து ஓயும். ஒரு முதன்மை இணைப்பு அறுந்தால் அதன் பின்னுள்ள நாற்பது இயந்திரங்களுக்கும் தனித்தனியே எச்சரிக்கை எழக் கூடாது. மூலக் காரணத்துக்குரிய ஒன்று போதும்.

எச்சரிக்கை யாருக்குச் செல்ல வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியமானது. குறித்த நேரத்துக்குள் ஒருவர் அதை ஏற்கவில்லை என்றால், அது தானாகவே அடுத்த அலுவலருக்குச் சென்றடைய வேண்டும்.

அமைதியும் ஓர் எச்சரிக்கையே

இணைப்பு நலமாக இருக்கும். இயந்திரமும் ‘பிங்’குக்கு உடனே பதிலளிக்கும். ஆயினும் உள்ளே நோட்டு சிக்கியிருக்கலாம், அல்லது பணமே தீர்ந்திருக்கலாம். ஆகவே கருவியை மட்டுமன்றி, நிறைவேறிய பரிவர்த்தனைகளையும் எண்ண வேண்டியுள்ளது. பத்து நிமிடத்துக்கு நால்வர் பணம் எடுக்கும் இயந்திரத்தில், பகல் பதினொரு மணிக்கு அரை மணி நேரமாக ஒருவரும் எடுக்கவில்லை என்றால் அந்த அமைதியே எச்சரிக்கையாகும். அதே அமைதி நள்ளிரவு இரண்டு மணிக்கு இயல்பானது. எனவே வரம்பு, நேரத்தையும் நாளையும் அறிந்ததாக இருக்க வேண்டும்.

ஏ.டி.எம். ஒன்றில் ஒரு மாதத்தில் மொத்தம் பத்து மணி நேரத்துக்கு மேல் பணம் இல்லாதிருந்தால் 10,000 ரூபாய் அபராதம் என்னும் விதியை ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. பணம் தீர்ந்த பின் அறிவதைவிட, தீரப்போவதை முன்னரே அறிவது எத்துணை அவசியம் என்பதற்கு இதுவே சான்று.

பணம் நடுவழியில் நின்றால்

எத்துணை கவனமாக இருந்தாலும் பழுதுகள் நேரவே செய்யும். அப்போது உங்கள் உரிமையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையின்படி, ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் பற்று வைக்கப்பட்டிருந்தால், பரிவர்த்தனை நாளை அடுத்த ஐந்து நாட்களுக்குள் அத்தொகை திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் அவரைச் சேரவில்லை என்றால் ஒரு நாளுக்குள்ளும், கடைக்காரருக்குச் செலுத்திய தொகை உறுதியாகவில்லை என்றால் ஐந்து நாட்களுக்குள்ளும் திரும்ப வேண்டும். வாடிக்கையாளர் புகார் அளிக்கும் வரை காத்திராமல் இழப்பீட்டை வங்கியே தானாக வழங்க வேண்டும் என்பதும் அச்சுற்றறிக்கையின் நெறி.

அத்தகைய நேரத்தில் மீண்டும் மீண்டும் பணம் அனுப்ப முயல வேண்டாம். ஒரே தொகை இருமுறை செல்லக்கூடும்; தடுமாறும் அமைப்பின் மீது சுமையும் கூடும். யு.பி.ஐ. பரிவர்த்தனைகள் 2025 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரு மாதத்தில் 2,000 கோடியைக் கடந்தன. அதே மாதம் முதல், ஒரு செயலியில் ஒரு நாளில் 50 முறை மட்டுமே கணக்கு இருப்பைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும் வந்தது.

உங்கள் கையில் உள்ள மணி

நீங்களும் ஒரு கண்காணிப்பாளரே. உங்கள் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியே உங்கள் எச்சரிக்கை மணி. அதற்கும் மேற்கூறிய நெறிகள் பொருந்தும்.

• குறைந்த இருப்பு எச்சரிக்கை வசதி உங்கள் கணக்கில் இருந்தால், அதன் வரம்பை மாதத் தவணைத் தொகையைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். தவணை 8,000 ரூபாயாக இருக்க, வரம்பு 1,000 ரூபாயாக இருந்தால், தவணை திரும்பிய பின்னரே நீங்கள் அறிவீர்கள். தவணைத் தொகை மாறினால் வரம்பையும் மாற்றுங்கள்.

• கைப்பேசி எண் மாறியவுடன் வங்கியில் புதுப்பியுங்கள். பழைய எண்ணுக்குச் செல்லும் எச்சரிக்கையால் உங்களுக்குப் பயனில்லை.

• விளம்பரச் செய்திகளின் நடுவே வங்கியின் செய்தியைப் படிக்காமல் கடந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, உங்கள் மீதோ வங்கியின் மீதோ தவறில்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் பறிபோயிருந்தால், செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பில்லை. தாமதித்தால் இழப்பில் ஒரு பகுதி உங்களைச் சேரலாம்.

• மோசடி என்று ஐயம் எழுந்தால் உடனே வங்கியையும், 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் அழையுங்கள்.

வரிசையில் நின்ற அந்த வாடிக்கையாளரின் கேள்விக்கு வருவோம். “இது வங்கிக்குத் தெரியுமா?” வரம்பு சரியாக வகுக்கப்பட்டிருந்தால், அவர் வரிசையை விட்டு விலகுவதற்கு முன்பே ஓர் அலுவலரின் திரையில் அந்த இயந்திரம் சிவப்பாகியிருக்கும். அப்படித் தெரியாமற்போன நாளில், உங்களிடமிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பே எங்களுக்கு முதல் எச்சரிக்கை. தயங்காமல் அழையுங்கள்.