வேகமா? விவேகமா? – பழைய கம்ப்யூட்டரில் ராம் வோல்டேஜும் டைமிங்கும்



மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் நேரம். என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டிடிஆர்3 கம்ப்யூட்டர். 4 ஜிபி போதவில்லை என்று இன்னொரு 4 ஜிபி ராம் வாங்கிப் போட்டேன். "ஏல, 1333-ல போட்டு ஏன் உருட்டுத? 1600-க்கு ஏத்து. டைமிங்கை 8-8-8 ஆக்கு. ஓடலைன்னா வோல்டேஜை 1.65 வை, தன்னால ஓடும்" என்றான் நண்பன்.

ஓடியது! இரண்டு வாரம் ராஜா மாதிரி ஓடியது. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி டிராயிங் ஃபைல் திறக்கவே இல்லை. பென் டிரைவில் இருந்த காப்பியும் அதே கதைதான். கெட்டுப்போன ஃபைலையே நான் பத்திரமாகக் காப்பி எடுத்து வைத்திருந்தேன்! அன்றைக்குப் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படித்தே தெரிந்துகொள்ளலாம்.

ராமுக்குள் என்ன நடக்கிறது?

ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் சார்ஜாக நிற்கிறது. அந்தச் சார்ஜ் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் நம்ம கடலில் முத்துக்குளித்தவர்கள் தம் தீருமுன் மேலே வந்தாக வேண்டும் அல்லவா, அதுபோலத்தான். 64 மில்லி செகண்டுக்குள் எல்லா வரிசைகளுக்கும் மறுபடி சார்ஜ் ஏற்ற வேண்டும். சிப்பின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் கசிவு கூடும். அப்போது 32 மில்லி செகண்டுதான் கெடு.

டைமிங் என்றால் என்ன?

ராமில் 9-9-9-24 என்று போட்டிருக்கும். துறைமுகத்துக் கிட்டங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் கிட்டங்கியில் "மூட்டையைக் கொண்டா" என்று சொன்னதிலிருந்து மூட்டை வாசலுக்கு வரும் நேரம் முதல் எண் (சிஎல்). கதவைத் திறக்கும் நேரம் இரண்டாவது. கதவைப் பூட்டி அடுத்ததற்குத் தயாராகும் நேரம் மூன்றாவது. திறந்த கதவைக் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் திறந்தே வைக்க வேண்டும் என்பது நான்காவது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்த எண்கள் நேரம் அல்ல, கிளாக் எண்ணிக்கை. 2000-ஐ ராமின் வேகத்தால் வகுத்தால் ஒரு கிளாக்கின் நேரம் நானோ செகண்டில் கிடைக்கும்.

1333, சிஎல் 9: 1.5 × 9 = 13.5 நானோ செகண்ட்.
1600, சிஎல் 11: 1.25 × 11 = 13.75 நானோ செகண்ட்.

9-ஐவிட 11 மோசம் என்று தோன்றினாலும் நிஜ நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். நான் வைத்த 1600, சிஎல் 8 எவ்வளவு? வெறும் 10! பதின்மூன்றரையில் வரவேண்டிய மூட்டையைப் பத்தில் கொண்டா என்று விரட்டினால் சிந்தாமல் என்ன செய்யும்?

வோல்டேஜ் விஷயம்

டிடிஆர் – 2.5, டிடிஆர்2 – 1.8, டிடிஆர்3 – 1.5, டிடிஆர்3எல் – 1.35, டிடிஆர்4 – 1.2 வோல்ட். இவைதான் பொதுவான அளவுகள். டிடிஆர்3-க்கு 1.425 முதல் 1.575 வரை அனுமதி உண்டு. 1.65 என்பது பத்து சதவீதம் கூடுதல்தானே என்று நினைக்காதீர்கள். பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.1 × 1.1 = 1.21, அதாவது 21 சதவீதம் கூடுதல். சூடு ஏறினால் கசிவும் ஏறும்.

பாதிப்பு ராமோடு நிற்பதில்லை. இன்டெல் 2008-இல் கோர் ஐ7 கொண்டுவந்தபோது மெமரி கன்ட்ரோலரைப் ப்ராசஸருக்குள்ளேயே வைத்தது. ராமுக்கு 1.65 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் ப்ராசஸரே கெடலாம் என்று எச்சரிக்கவும் செய்தது.

என்ன செய்யலாம்?

1. முதலில் பயாஸில் டீஃபால்ட் செட்டிங்கைப் போடுங்கள். ராமில் உள்ள எஸ்பிடி என்ற சிறு சிப்பில் கம்பெனி எழுதிய அளவுகளை மதர்போர்டே படித்துக்கொள்ளும்.

2. இரண்டு விதமான ராம் இருந்தால் இரண்டிலும் குறைந்த வேகம், கூடுதலான டைமிங். 1.35 ராம் பொதுவாக 1.5-லும் ஓடும். 1.5 ராமை 1.35-ல் ஓட்டப் பார்க்காதீர்கள்.

3. மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, பழைய அளவை நோட்டில் குறித்து வையுங்கள். ஸ்க்ரீனே வராவிட்டால் பவர் கார்டைக் கழற்றிவிட்டு சிமாஸை க்ளியர் செய்யுங்கள்.

4. பென் டிரைவில் மெம்டெஸ்ட்86+ போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த செட்டிங் வேண்டாம். விண்டோஸ் ஏறியதே போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

5. எரர் வந்தால் வோல்டேஜை ஏற்றாதீர்கள். வேகத்தைக் குறையுங்கள். டீஃபால்ட்டிலும் வந்தால் ராமை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். நம்ம ஊர் உப்புக்காற்றுக்குக் கான்டாக்ட் கறுத்துப்போவதும் உண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு மெல்லிய துணியால் துடையுங்கள். ரப்பர் வைத்து அழுத்தித் தேய்த்தால் தங்கப்பூச்சு போய்விடும்.

அன்று ராத்திரியே மெம்டெஸ்ட் ஓட்டினேன். ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்புக் கோடுகள். டீஃபால்ட்டுக்கு மாற்றியதும் விடிய விடிய ஒரு எரர்கூட இல்லை. டிராயிங்கைத்தான் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. இப்போதும் அதே இரண்டு ராமும் 1333-ல், 1.5 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேக வித்தியாசம் எனக்குத் தெரியவே இல்லை.

லாரி மெதுவாகப் போனால் பரவாயில்லை நண்பர்களே, மூட்டை முழுசாகப் போய்ச் சேரணும்!