கழுத்தில் படரும் கருமை: வளைகுடா வாசனையும் எங்கள் தோலும்

டுபாயிலிருந்தோ கட்டாரிலிருந்தோ யாராவது விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், பெட்டியைத் திறக்கும்போதே வீடு மணக்கும். சவர்க்காரம், பவுடர், உடலுக்குப் பூசும் லோஷன், சின்னச் சின்னப் போத்தல்களில் அத்தர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருக்கும். லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் போகிற வழியில் டுபாய் விமான நிலையத்தில் இறங்கி ஏறுகிறவர்களும் ஒரு போத்தலாவது வாங்காமல் வருவதில்லை.

ஆனால் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவரின் கழுத்திலோ கன்னத்திலோ கருமை படர்ந்திருப்பதையும் பலர் கண்டிருப்பீர்கள். “அங்கத்தை வெயிலும் தண்ணியும் அப்பிடித்தான்” என்பதோடு கதை முடிந்துவிடும். வெயிலும் காரணமாக இருக்கலாம்தான். பெட்டிக்குள் இருந்த வாசனையும் காரணமாக இருக்கலாம் என்பதை நாங்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

முகத்துக்கோ உடலுக்கோ பூசும் கிறீமின் பின்புறத்தைப் பாருங்கள். நீண்ட பட்டியலின் கடைசிப் பகுதியில் ‘பர்ஃபம்’ அல்லது ‘பிராக்ரன்ஸ்’ என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் பத்துப் பொருள்களும் இருக்கலாம், நூறும் இருக்கலாம். வாசனைக் கலவை தொழில் இரகசியம் என்பதால், முழு விபரத்தையும் எழுதும்படி கம்பனிகளைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை.

இந்தப் பொருள்களின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. சில தோலின் மேற்படையைத் தாண்டி உள்ளே போய் அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. சிலருடைய உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி நினைவில் பதித்துக்கொள்கிறது. அப்போது வெளியே எதுவும் தெரியாது. நினைவு பதிந்த பிறகு அதே பொருள் மீண்டும் பட்டால், ஒன்று தொடக்கம் மூன்று நாட்களுக்குள் அந்த இடத்தில் கடி, தடிப்பு, நீர்க்கொப்புளம், தோல் உரிதல் என்று ஏதாவது வரும். இதைத் தொடுகை ஒவ்வாமை என்கிறார்கள்.

இதிலே இரண்டு விடயங்கள் எங்களை ஏமாற்றுகின்றன. ஒன்று, பூசிய உடனே எதுவும் வருவதில்லை. திங்கட்கிழமை பூசியதற்குப் புதன்கிழமை கடிக்கும்போது, செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட இறாலைத்தான் குற்றம் சொல்லுவோம். மற்றது, பல வருடங்கள் ஒத்துவந்த பொருளே ஒருநாள் ஒத்துவராமல் போகும். “பத்து வருசமா இதைத்தானே பூசுறன்” என்பது ஒவ்வாமை இல்லை என்பதற்குச் சான்று அல்ல. ஒருமுறை பதிந்த நினைவு பொதுவாக வாழ்நாள் முழுக்க இருக்கும். ஐரோப்பாவில் பொதுமக்களில் 100 பேரில் 1 தொடக்கம் 3 பேருக்கு வாசனைப் பொருள்களால் இந்த ஒவ்வாமை இருக்கிறது எனக் கணக்கிட்டுள்ளார்கள்.

எங்கள் தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாடப்புத்தகப் படங்களில் ஒவ்வாமை சிவப்பாகத் தெரியும். மண்ணிறத் தோலிலும் கறுத்தத் தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. சில வேளைகளில் கடியே இல்லாமல், அல்லது இலேசான கடியோடு, கருமை மட்டும் படரும். மெதுவாக நடக்கும் அழற்சியால் நிறமிகள் தோலின் கீழ்ப்படைக்கு இறங்கிவிடுவதே காரணம். 1970களில் யப்பானில் பல பெண்களின் முகம் இப்படிக் கருமையடைந்தது. தோல் வைத்தியர்கள் தேடியபோது, அழகுசாதனங்களில் இருந்த ஒரு சிவப்புச் சாயமும் மல்லிகைச் சாறு, இலாங் இலாங் எண்ணெய், பென்சைல் சாலிசிலேட் போன்ற வாசனைப் பொருள்களும் அகப்பட்டன. 1970களின் பிற்பகுதியில் கம்பனிகள் அவற்றை நீக்கத் தொடங்கிய பின் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். குங்குமம் வைக்கும் இடத்தில் சிலருக்குக் கருமை விழுவதும் பெரும்பாலும் இதே வகைதான்.

இங்கேதான் பொறி இருக்கிறது. கருமையைக் கண்டவுடன் நாங்கள் வாங்குவது வெள்ளையாக்கும் கிறீம். அதிலும் வாசனை இருக்கும். கருமை கூடும், இன்னும் பூசுவோம். சில கிறீம்களில் எழுதப்படாத ஸ்டீரொயிட் கலந்திருந்தால் கொஞ்சநாள் குறைந்தது போலத் தெரிந்து, விட்டவுடன் முன்னையதைவிட மோசமாக வரும்.

வளைகுடா வாழ்க்கையில் வாசனை படும் அளவும் அதிகம். குளிக்கும் ஜெல், அதன்மேல் லோஷன், அதன்மேல் ஊத் அல்லது கஸ்தூரி அத்தர், அதன்மேல் ஸ்ப்ரே, தலைமுடிக்குத் தனியாக ஒன்று, உடுப்புக்குப் பகூர் புகை என்று அடுக்கடுக்காகப் பூசுவது அங்கத்தைய வழக்கம். வீட்டு வேலைக்குப் போன எங்கள் பெண்களுக்கு இதற்கு மேலாக நிலம் துடைக்கும் திரவம், சலவைத் தூள், உடுப்பு மென்மையாக்கி எல்லாமே வாசனையோடுதான் கையில் படுகின்றன.

வெயிலும் சேரும்போது வேறு இரண்டு பாதிப்புகள் வரலாம். பேர்கமொட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் கலந்த கொலோனைக் கழுத்தில் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால், அது வழிந்த கோட்டிலேயே கருமை விழும். இது ஒவ்வாமை அல்ல, வெயிலால் வரும் எரிகாயம் போன்றது. யாருக்கும் வரலாம். மஸ்க் அம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரியோ வெயில் படும்போது மட்டும் ஒவ்வாமையைக் கிளப்பியது. சவரத்துக்குப் பின் பூசும் லோஷன்களால் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் பல ஆண்கள் பாதிக்கப்பட்டார்கள். ஐரோப்பாவில் 1995இல் அது தடைசெய்யப்பட்டது.

“அப்ப கெமிக்கல் இல்லாத இயற்கை அத்தரைப் பூசலாம்தானே” என்று கேட்பீர்கள். அப்படிப் பிரிக்க முடியாது. லைரல் என்ற பெயரில் விற்கப்பட்ட செயற்கை வாசனைப் பொருளை, அது பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கியதால் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. 2021 ஓகஸ்ட்டுக்குப் பின் அது கலந்த அழகுசாதனங்களை அங்கே விற்க முடியாது. அதே சட்டத்தில் தடைசெய்யப்பட்ட மற்ற இரண்டும், அட்ரனோலும் குளோரோஅட்ரனோலும், மரப்பாசியின் சாற்றில் இயற்கையாகவே இருப்பவை. கறுவாவிலுள்ள சினமாலும் கராம்பிலுள்ள யூஜினோலும் கூட ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கின்றன. தோல் மூலக்கூறைத்தான் பார்க்கிறது. அது ஆலையில் இருந்து வந்ததா பூவில் இருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை.

அலுமாரிப் போத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சென்ட் என்றால் பூட்டி வைத்து, கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் எடுப்பது எங்கள் பழக்கம். லினலூல், லிமோனீன் என்ற இரண்டும் பெரும்பாலான வாசனைகளில் இருப்பவை. அவை புதிதாக இருக்கும்போது அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. திறந்த போத்தலில் காற்றுப்பட்டு ஒட்சியேறும்போது வலுவான ஒவ்வாமைப் பொருள்களாக மாறுகின்றன. சூடு அதை விரைவாக்கும். ஆகவே ஐந்து வருடம் வைத்துப் பூசும் சென்ட், அல்லது வளைகுடாக் கோடையில் காருக்குள் கிடந்த சென்ட், வாங்கிய நாளில் இருந்த சென்ட் அல்ல.

சட்டம் எவ்வளவு தூரம் உதவும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். பூசிவிட்டுக் கழுவாத பொருளில் 0.001 வீதத்துக்கு மேலும், கழுவும் பொருளில் 0.01 வீதத்துக்கு மேலும் இருந்தால் இது கட்டாயம். 2023இல் வந்த புதிய விதி அந்தப் பட்டியலை 80க்கும் மேலாக்கியது. புதிதாகச் சந்தைக்கு வரும் பொருள்களுக்கு 2026 ஜூலை 31 முதல் அது பொருந்தும். ஏற்கெனவே விற்பனையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31 வரை அவகாசம். வளைகுடா நாடுகளில் அழகுசாதனப் பாதுகாப்புக்கு ஜிஎஸ்ஓ 1943 என்ற பொதுத் தரநிலை உண்டு. டுபாயில் விற்கும் அழகுசாதனங்களை மாநகரசபையின் ‘மொன்தாஜி’ முறையில் பதிய வேண்டும். ஆனால் சந்தைக் கடையில் பெரிய போத்தலிலிருந்து சின்னப் போத்தலுக்கு ஊற்றித் தரும் அத்தரில் வாசிக்க எந்தப் பட்டியலும் இருக்காது.

சரி, என்ன செய்யலாம்? முதலில், கழுத்துக் கருமை எல்லாமே வாசனையால் வருவதில்லை. கழுத்தின் பின்புறமும் கக்கமும் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருந்தால் அது நீரிழிவின் முன்னறிகுறியாக இருக்கலாம். இரத்தத்தில் சீனியைப் பார்க்க வேண்டும். கன்னத்துக் கருமை கர்ப்பகாலத்திலோ வெயிலாலோ வந்ததாகவும் இருக்கலாம். வைத்தியர் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

வாசனை என்று சந்தேகம் வந்தால் அதற்கான பரிசோதனை ‘பச் டெஸ்ட்’. சந்தேகப் பொருள்களைச் சிறு ஒட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணித்தியாலத்தின் பின் எடுத்துப் பார்ப்பார்கள். நான்காம் நாளளவில் மீண்டும் பார்ப்பார்கள். இரத்தப் பரிசோதனையாலோ ஊசியால் கீறிப் பார்க்கும் பரிசோதனையாலோ இந்த வகை ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முடியாது. அவற்றுக்கு உழைத்த காசைக் கொட்டாதீர்கள். முதுகை நனைக்கவோ வியர்க்கவோ விடக்கூடாது என்பதால் வளைகுடாவில் இதைக் குளிர்காலத்தில் செய்வது இலகு. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2025 ஜனவரி முதல் எல்லா எமிரேட்டுகளிலும் தனியார் துறை ஊழியருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஆனாலும் அடிப்படைத் திட்டங்களில் ஒவ்வாமைப் பரிசோதனை அடங்காமல் போகலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பூசும் பொருள்களையும் பெட்டியோடு கொண்டு போங்கள்.

பரிசோதனைக்கு வழி இல்லாதவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. முகத்திலும் கழுத்திலும் பூசும் வாசனையான எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்துங்கள். ‘பிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று எழுதியதை வாங்குங்கள். ‘அன்சென்டட்’ என்பது வேறு. அதில் மணத்தை மறைக்க இன்னொரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். கழுவும் வேலைக்குக் கையுறை போடுங்கள். சென்ட் வேண்டுமென்றால் தோலில் படாமல் உடுப்பில் அடியுங்கள். கடி சில வாரங்களில் அடங்கும், ஆனால் கருமை போகப் பல மாதங்கள் எடுக்கும். “ஒரு மாசம் விட்டுப் பாத்தன், போகேல்லை” என்று திரும்பப் பூசத் தொடங்கினால் எல்லாம் முதலிலிருந்து. கண்ணிமை வீங்கினால், தோல் வெடித்து நீர் வடிந்தால் காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

குவைத்திலோ றியாத்திலோ வீட்டு வேலையில் இருக்கும் ஒருத்திக்கு இதையெல்லாம் தானாகத் தேடி வாசிக்க நேரம் கிடைப்பது அரிது. வெள்ளிக்கிழமை தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கும்போது, “ஏன் பிள்ளை இப்பிடிக் கறுத்துப்போனாய்?” என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். “முகத்துக்கு என்ன பூசுறனீ? அந்த டப்பாவின்ர பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு” என்று கேளுங்கள். அடுத்த பொதியில் அவளுக்கு அனுப்புவது மணமில்லாத ஒரு கிறீமாக இருக்கட்டும்.