பேய்க்கு மாதம் உண்டா?

மாசியில் சிவராத்திரியை ஒட்டிக் காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளை நடக்கிறது. மேற்கு நாடுகளில் அக்டோபர் 31 ஹாலோவீன். அச்சத்துக்கென்று இப்படி நாள் குறிப்பது பழைய வழக்கம். மெய்நிகர் பேய் விளையாட்டுகளுக்கு அந்த நாள் தேவையே இல்லை. உத்தனப்பள்ளியில் இரவு ஷிப்ட் முடித்து வருபவர் சித்திரை வெயிலில் ஹெட்செட்டை மாட்டினாலும், உள்ளே நள்ளிரவுதான். பயம் பெரும்பாலும் காது வழியாகவே ஏறுகிறது. 2020-இல் வந்த ‘ஃபாஸ்மோஃபோபியா’வில் நான்கு பேர் வரை சேர்ந்து பேய் வீட்டுக்குள் போகலாம். மைக்கில் நாம் பேசுவது பேய்க்கும் கேட்கும். அது வேட்டைக்குக் கிளம்பியதும் ஒளிந்திருப்பவர் வாய் திறந்தால் மாட்டிக்கொள்வார். அந்த நேரத்தில் மூச்சைக்கூட அடக்கத் தோன்றும், அருமையான உத்தி!

ஆண்டு முழுக்க ஆடினால் பயம் மரத்துப்போகாதா என்று கேட்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பேயின் வகையும் அது குடியிருக்கும் அறையும் மாறுவதால், மனப்பாடம் கைகொடுக்காது. தலைச்சுற்றல் என்ற குறை நியாயமானது. கண் நடப்பதாகச் சொல்கிறது, உட்காது நிற்பதாகச் சொல்கிறது; அதனால்தான் குமட்டல். நடப்பதற்குப் பதில் இடம் தாவும் முறையைத் தேர்ந்தால் அது குறையும். சிறுவர்கள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது: பிளேஸ்டேஷன் ஹெட்செட்டைப் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் தரவேண்டாம் என்கிறது அதைத் தயாரிக்கும் சோனியே.