ஒரே கூரை, தனித்தனிப் பூட்டு

ஒண்டுக்குடித்தன வீடு நம் ஊர்களுக்குப் புதிதல்ல. ஒரே கூரை, ஒரே கிணறு, உள்ளே ஏழெட்டுக் குடும்பங்கள். இன்றைய சர்வரும் அப்படித்தான். ஒரே இயந்திரத்துக்குள் பத்து இருபது மெய்நிகர் கணினிகள் குடியிருக்கின்றன. யாருக்கு எவ்வளவு மெமரி என்று பங்கிடும் ஹைப்பர்வைசர்தான் வீட்டுக்காரர்.

ஆன்டிவைரஸை எங்கே போடுவது? குடித்தனங்களிலா, வீட்டுக்காரரிடமா? இரண்டு இடத்திலும் காவல் வேண்டும். ஆனால் ஒரே மாதிரி அல்ல.

மெய்நிகர் கணினி ஒவ்வொன்றும் நெட்வொர்க்கில் தனிக் கணினியே. 2017 மே மாதம் வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளைப் பூட்டிய வன்னாக்ரை என்ற ரான்சம்வேர், நெட்வொர்க் வழியாகத் தானே கணினிக்குக் கணினி தாவும் வகை. ஆகவே ஒவ்வொரு குடித்தனத்துக்கும் சொந்தப் பூட்டு தேவை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கிணற்றில் இறைத்தால் என்ன ஆகும்? நள்ளிரவு 12 மணிக்கு இருபதும் சேர்ந்து ஸ்கேன் தொடங்கினால் டிஸ்க் திணறி, சர்வர் முழுவதும் ஊர்ந்து போகும். நேரத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

வீட்டுக்காரர் கதை வேறு. அவர் கண்ணுக்கு ஒரு மெய்நிகர் கணினியின் டிஸ்க் ஒரே பெரிய கோப்பு. அதை ஆன்டிவைரஸ் பிடித்துவைத்துச் சோதித்தால், அந்தக் கணினி தொடங்காமலே போகலாம். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வியின் பட்டியலிலிருந்து காணாமலும் போகலாம். அதனால்தான் டிஸ்க் கோப்புகளையும் ஹைப்பர்-வியின் சொந்தச் செயல்களையும் ஸ்கேனிலிருந்து விலக்கிவைக்கச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட்.

அப்படியானால் வீட்டுக்காரருக்கு எது காவல்? ஓட்டைகளை அடைக்க உடனுக்குடன் போடும் பேட்ச். 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் உலகெங்கும் விஎம்வேர் ஹைப்பர்வைசர் ஓடும் சர்வர்களைத் தாக்கி, டிஸ்க் கோப்புகளை வெளியிலிருந்தே பூட்டியது. உள்ளே இருந்த ஆன்டிவைரஸுக்கு அதைத் தடுக்க வழியே இல்லை. அது நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கான பேட்ச் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது.

பூட்டுகள் எல்லாம் உடைந்தாலும் மிஞ்சுவது காப்பு நகல். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டு, பல நாள் சீட்டுகள் கையால் எழுதப்பட்டன. நோயாளிகளின் தரவு திரும்பக் கிடைத்தது, பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரிலிருந்து. பெரிய ஆலையோ, தெருமுனை மருத்துவமனையோ, உங்கள் காப்பு நகலை வேறொரு கூரையின் கீழ் வையுங்கள்.