யானைக்கால் வீக்கம்: கழுவினால் போதாது, துடைக்கவும் வேண்டும்

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறா. இடது கால் முழங்கால்வரை வீங்கி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. கலியாண வீடுகளுக்குப் போவதை எப்போதோ விட்டுவிட்டா. பிறகு அந்தக் காலைக் கழுவுவதையும் குறைத்துக்கொண்டா. "தண்ணி பட்டாத்தான் மவன் காய்ச்சல் வருது" என்பது அவவின் தீர்ப்பு. வுழூ செய்யும்போதுகூட மேலால் தடவிவிட்டு எழும்புவா.

அவ சொன்னதில் பாதி சரி. பிழையான பாதிதான் காலைப் பெருக்கவைத்தது.

இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்களின் 8 மாவட்டங்களில்தான் யானைக்கால் நோய் நிலைகொண்டிருந்தது. எங்கட ஆக்கள் நெருங்கி வாழும் கரையோர ஊர்கள் பல அதற்குள் அடக்கம். கான், மலசலகூடக் குழி, பொச்சுமட்டை ஊறவைக்கும் குழி என்று அழுக்குத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு இந்தப் புழுவைக் காவித் திரிகிறது. 1947 இல் யானைக்கால் தடுப்பு இயக்கம் தொடங்கியது. 2002 முதல் 2006 வரை வருஷத்துக்கு ஒருமுறை அந்த மாவட்ட மக்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். 2016 இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை இலங்கை ஒழித்துவிட்டது என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

சான்றிதழ் வந்ததென்று வீங்கிய கால் வற்றிவிடாது. புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கி அவற்றைக் கெடுத்துவிடுகின்றன. புழு செத்தாலும் குழாய் பழைய நிலைக்கு வருவதில்லை. வடியவேண்டிய நீர் காலிலேயே தேங்குகிறது. ஆகவே புழு மாத்திரை விழுங்கி வீக்கத்தை இறக்கலாம் என்று யாரும் ஏமாற வேண்டாம். அது மேலும் பெருகாமல் தடுப்பது மட்டும் நமது கையில் இருக்கிறது.

பெருக்கவைப்பது அந்தக் காய்ச்சல்தான். திடீரென்று குளிர் நடுக்கம், கால் சிவந்து கொதிக்கும், தொடை இடுக்கில் நெறி கட்டும். இதைப் புழுவின் வேலை என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது, விரலிடுக்கு வெடிப்பாலும் சேற்றுப்புண்ணாலும் உள்ளே போகிற சாதாரணக் கிருமிகளின் வேலை. நிணநீர் ஓடாத காலுக்கு அவற்றை எதிர்க்க ஏலாது. ஒவ்வொரு காய்ச்சலோடும் இன்னும் கொஞ்சம் குழாய் கெடுகிறது, தோல் தடிக்கிறது.

அப்படியானால் மருந்து சவர்க்காரமும் தண்ணீரும்தான். சுடுதண்ணீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும். வீக்கம் தொடங்கும் மேற்பகுதியிலிருந்து கீழ்நோக்கி, மடிப்புகளுக்குள்ளும் விரலிடுக்குகளிலும் கையாலோ மென்மையான துணியாலோ கழுவ வேண்டும். பிரஷ் போட்டுத் தேய்க்கக்கூடாது. ஊற்றுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். பிறகு சுத்தமான துவாயால் ஒற்றியெடுக்க வேண்டும், உரசவேண்டாம். விரலிடுக்குக்குள் துணி நுனியை விட்டு ஈரம் முழுக்க எடுப்பதுதான் முக்கியம். மாமி தவறியது இங்கேதான். ஈரக்காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவா. குற்றம் தண்ணீரில் இல்லை, தங்கிப்போன ஈரத்தில். ஐவேளை வுழூவில் விரல்களைக் கோதிக் கழுவப் பழகிய நமக்கு, அதோடு துடைப்பதையும் சேர்த்துக்கொள்வது பெரிய காரியமில்லை.

துடைக்கும்போதே வெடிப்பு, புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இருந்தால் டொக்டர் தரும் கிறீமைப் பூச வேண்டும். உட்காரும்போது காலை இன்னொரு கதிரையில் தூக்கி வைப்பதும், இரவில் மெத்தையின் கால்மாட்டுக்குக் கீழே தலையணை வைப்பதும் நீரை வடியவைக்கும். இருதய நோயாளிகள் மட்டும் டொக்டரைக் கேட்டுவிட்டே இதைச் செய்ய வேண்டும். கணுக்காலைச் சுழற்றுவது, குதியை உயர்த்தி இறக்குவது போன்ற சின்ன அசைவுகளும் உதவும்.

காய்ச்சல் வந்த நாளில் அசைவெல்லாம் நிற்கட்டும். காலை உயர்த்திப் படுத்து, ஈரத்துணியால் குளிர்வித்து, நிறையத் தண்ணீர் குடித்து, பனடோல் போட்டுக்கொள்ளலாம். டொக்டரிடம் போவதைப் பிற்போடக்கூடாது, அன்டிபயோட்டிக் தேவைப்படும். மூச்சு வாங்கினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ உடனே ஆஸ்பத்திரிதான். ஒத்தடம் என்று சூடு வைப்பதும், கொப்புளத்தைக் குத்தி நீர் எடுப்பதும் நமது ஊர்களில் இன்னும் நடக்கிறது. இரண்டும் கிருமிக்குக் கதவு திறப்பதுதான்.

மாமிக்கு இதையெல்லாம் காட்டிக்கொடுத்தது யானைக்கால் கிளினிக்கில் ஒரு நேர்ஸ். அவவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கழுவிக் காட்டினாவாம். அதைச் சொல்லும்போது மாமிக்குக் கண் கலங்கும்.

இப்போது கிணற்றடிக் கொடியில் அந்தக் காலுக்கென்றே தனியாக ஒரு வெள்ளைத் துவாய் காய்கிறது. போன நோன்புப் பெருநாளிலிருந்து ஒருதரம்தான் காய்ச்சல் வந்ததாம். கால் அப்படியேதான் இருக்கிறது. போன கிழமை எங்கள் வீட்டுக் கத்தத்துக்கு வந்திருந்தா.