எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் கோலாலம்பூரில் மென்பொருள் என்ன விலை என்று கேட்டால், பலரும் "அஞ்சு வெள்ளி" என்றிருப்பார்கள். இம்பி பிளாசாவிலும் பெட்டாலிங் ஸ்திரீட்டிலும் ஆயிரக்கணக்கான வெள்ளி பெறும் நிரலாக்க மென்பொருள்கள், சினிமாத் தட்டுகளுக்குப் பக்கத்திலேயே கள்ளக் குறுந்தட்டாகக் கிடந்தன. 2000-இல் ஒளித்தட்டுச் சட்டம் வந்தது. சோதனை, பறிமுதல் என்று செய்திகளும் வந்தன. தட்டு விற்பது மட்டும் உடனே நின்றுவிடவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெரிய நிறுவனம் தன் மென்பொருளை இலவசமாகத் தருவதால் யாருக்கு லாபம்? ஆசைக்கு நிரல் எழுதிப் பார்ப்பவருக்குத்தான். கள்ளத் தட்டை வைத்து எதையும் எழுதலாம். எழுதியதை ஒரு கடைக்காரருக்கு ரசீது போட்டு விற்கத்தான் நெஞ்சு படபடக்கும்.

மைக்ரோசாஃப்ட் 2005 நவம்பரில் 'விஷுவல் ஸ்டூடியோ எக்ஸ்பிரஸ்' என்ற தொடக்கநிலைப் பதிப்புகளை வெளியிட்டது. முதலில் நினைத்த விலை 49 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 185 வெள்ளி. ஓராண்டுக்கு மட்டும் இலவசம் என்று ஆரம்பித்து, 2006 ஏப்ரலில் என்றென்றைக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். அதே மென்பொருளின் தொழில்முறைப் பதிப்பு 799 டாலர். எக்ஸ்பிரஸில் எழுதிய நிரலை விற்கவும் தடை இல்லை.

உள்ளே என்ன இருந்தது? நிரலைத் தட்டச்சு செய்ய ஓர் எடிட்டர். அதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர். பிழை பிடிக்க டீபக்கர். முதல் இரண்டும் வேறு வழியிலும் இலவசமாகக் கிடைத்தன. கற்றுக்கொள்பவருக்கு உண்மையான வரம் மூன்றாவதுதான்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள மளிகைக் கடை ஒன்றுக்கு சி ஷார்ப் மொழியில் பில் போடும் நிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ஒரு சென் நாணயம் புழக்கத்தில் இல்லை. ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையைப் பக்கத்தில் உள்ள ஐந்து சென்னுக்குச் சரிக்கட்ட வேண்டும். 57 சென் 55 ஆகும், 58 சென் 60 ஆகும். ஒருவர் ஒரு கைப்பிடி பச்சை மிளகாய் மட்டும் வாங்குகிறார். கணக்கு 58 சென். நிரலோ 55 வாங்கச் சொல்கிறது!

0.58 வெள்ளியை நூறால் பெருக்கிச் சென்னாக்கி, முழு எண்ணாக மாற்றும் வரிதான் சந்தேகத்துக்கு உரியது. பெருக்கிய விடையைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தால் 58 என்றே காட்டும். ஏனென்றால் சி ஷார்ப் நிரலை ஓட்டும் டாட் நெட், அந்தக் காலத்தில் பதினைந்து இலக்கத்தோடு அச்சிடுவதை நிறுத்திக்கொள்ளும். அந்த வரியின் இடது ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் சிவப்புப் புள்ளி விழும். நிரல் ஓடிவந்து சரியாக அங்கே நிற்கும். மாறியின் மேல் மவுஸை வைத்தால், டீபக்கர் ஒளிக்காமல் காட்டும்: 57.999999999999993.

மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் முடிவே இல்லாமல் போகிறதல்லவா? அதுபோல 0.58-ஐ இரும எண்ணில் எழுதி முடிக்க முடியாது. ஏதோ ஓர் இடத்தில் கத்தரிக்கத்தான் வேண்டும். முழு எண்ணாக மாற்றும்போது புள்ளிக்குப் பின்னால் உள்ளது முழுக்க உதிர்ந்து 57 மிஞ்சும். அதைச் சரிக்கட்டினால் 55. மருந்து எளிது. காசுக் கணக்குக்கு 'டெசிமல்' என்ற வகையைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் நோய் எந்த வரியில் என்று தெரிய வேண்டுமே! ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்கும் இந்த வசதியை இலவசப் பதிப்பில் வெட்டாமல் விட்டது பெரிய மனசு என்றுதான் சொல்வேன்.

வெட்டியவை எவை என்று பார்த்தால் வியாபாரம் புரியும். ஒரு பதிப்புக்கு ஒரு மொழிதான். விஷுவல் பேசிக்கும் சி ஷார்ப்பும் வேண்டுமென்றால் இரண்டையும் தனித்தனியாக நிறுவ வேண்டும். வேறொரு கணினியில் ஓடும் நிரலை இங்கிருந்து டீபக் செய்ய முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியார் எழுதிய துணைக் கருவிகளை இணைக்கக் கூடாது. பிரிட்டன் நிரலர் ஜேமி கான்ஸ்டேல், தான் எழுதிய 'டெஸ்ட் டிரிவன் டாட் நெட்' கருவி எக்ஸ்பிரஸிலும் இயங்கும்படி செய்தார். உரிமத்தை மீறுகிறீர்கள் என்று மைக்ரோசாஃப்ட் சொல்ல, விவகாரம் வழக்கறிஞர் கடிதம் வரை போய் 2007-இல் சந்திக்கு வந்தது. வெட்டிய துண்டுகளை வெளியார் ஒட்டவைத்துவிட்டால் விலைப் பதிப்பை யார் வாங்குவார்கள் என்ற பயம் அவர்களுக்கு.

இந்த வழக்கம் ஒரு நிறுவனத்தோடு நிற்கவில்லை. 1983-இல் டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்க மென்பொருளை 49.95 டாலருக்கு விற்றுப் பெயர் வாங்கிய போர்லாண்டு, 2006-இல் 'டர்போ எக்ஸ்புளோரர்' என்று இலவசப் பதிப்புகள் விட்டது. அந்த டர்போ பாஸ்கலை எழுதிய ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க்தான் பின்னாளில் மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி ஷார்ப்பை வடிவமைத்தார். நிரலாக்கம் சாராவிட்டாலும் நம் ஊர் உதாரணம் ஒன்று உண்டு. 1985 முதல் முத்து நெடுமாறன் கோலாலம்பூரில் வளர்த்துவந்த முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கும் விலைக்கு ஒரு பதிப்பு, 'முதல்நிலை' என்ற பெயரில் இலவசமாக ஒரு பதிப்பு என்று இரண்டு முகங்கள்.

2014 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உரிமப் பத்திரத்தைக் கையில் எடுத்தது. 'விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி' ஏறக்குறைய தொழில்முறைப் பதிப்பேதான்; துணைக் கருவிகளுக்கும் கதவு திறந்தாகிவிட்டது. யார் பயன்படுத்தலாம் என்பதில்தான் இப்போது வேலி. தனியாள் என்றால் தாராளமாக, விற்பதற்கும் சேர்த்து. வகுப்பறைக்கும் திறமூல வேலைக்கும் கட்டுப்பாடு இல்லை. சிறு நிறுவனத்தில் ஐந்து பேர் வரை. 250 கணினிக்கு மேலோ, ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்கு மேலோ இருந்தால் அது பெருநிறுவனம், இலவசம் கிடையாது. டர்போ பாஸ்கலின் வழிவந்த டெல்ஃபிக்கு 2018-இல் வெளியான கம்யூனிட்டி பதிப்பில் வேலி இன்னும் தாழ்வு: ஆண்டுக்கு 5000 டாலர் சம்பாதிக்கும் வரைதான்.

இடைநிலைப்பள்ளியில் அடிப்படைக் கணினி அறிவியல் எடுத்து ஸ்கிராட்சும் பைத்தானும் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேலிகளைப் பற்றிக் கவலையில்லை. அந்த இரண்டும் விலைக்கு வருபவை அல்ல. பார்த்து நடக்க வேண்டியவர் கிள்ளான் துறைமுகப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் கடைகளுக்கு நிரல் எழுதித் தருகிறவர். வீட்டில் தன் பெயரில் எழுதி விற்கும்போது கம்யூனிட்டி பதிப்பு செல்லும். அதே மடிக்கணினியைக் கம்பெனிக்குத் தூக்கிப்போய்க் கம்பெனியின் சரக்குக் கணக்குக்கு எழுதினால் செல்லாது. அங்கே விலைப் பதிப்பை வாங்கித் தரச் சொல்ல வேண்டும், அல்லது 2015-இல் வந்த இலவச எடிட்டரான விஷுவல் ஸ்டூடியோ கோடிலும் டாட் நெட்டின் திறமூலக் கம்பைலரிலும் எழுத வேண்டும்.