தென்னை உச்சியில் ஒரு மார்க்கெட்டிங் ஆபீஸ்!

சென்னை நங்கநல்லூர் பக்கம் காலை ஏழு மணிக்குத் தென்னை மர உச்சியிலிருந்து ஒரு குரல் வரும். “அண்ணே, பின்னாடி தெரு, பச்சை கேட் வீடு… வண்டு!”

அவ்வளவுதான். கீழே நிற்கும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து குட்டி டைரியை எடுத்துக் குறித்துக்கொள்கிறார். ஒரு புது வாடிக்கையாளர் பிறந்துவிட்டார். பச்சை கேட் வீட்டுக்காரருக்குத்தான் இன்னும் விஷயம் தெரியாது!

மரம் கழிக்கும் சின்னக் குழுக்கள் எப்படி வேலை பிடிக்கின்றன என்று யாராவது யோசித்திருக்கிறோமா? எங்கிருந்தோ வருகிறார்கள், ஏறுகிறார்கள், வெட்டுகிறார்கள், குட்டியானை வண்டியில் மட்டையை அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த ‘எங்கிருந்தோ’வைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் குழுவோடு ஒட்டிக்கொண்டேன். முதலாளி அண்ணன், மரம் ஏறும் தம்பிகள் இருவர், மெஷின் ரம்பக்காரர், வண்டி ஓட்டுநர். மொத்தக் கம்பெனியும் இவ்வளவுதான். பெயரும் நம்பரும் போடக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. “போட்டிக்காரன் படிச்சிட்டு அவனும் டைரி வாங்கிடுவான் சார்!”

முதலில் அந்த வண்டு. காண்டாமிருக வண்டு விரியாத தென்னங்குருத்தைத் துளைத்துத் தின்னும். குருத்து பிறகு விரியும்போது ஓலையின் இரண்டு பக்கமும் கத்தரிக்கோலால் முக்கோணமாக நறுக்கியதுபோல் இருக்கும். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் இது சட்டென்று கண்ணில் படாது. பக்கத்து மரத்துக் கொண்டையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் துல்லியமாகத் தெரியும். அதனால்தான் தம்பி வேலை முடிந்த பிறகும் உடனே இறங்குவதில்லை. இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டு நாலு பக்கமும் ஒரு நோட்டம்! எந்த வீட்டில் காய்ந்த மட்டை தொங்குகிறது, எங்கே மாங்கிளை தண்ணீர் டேங்க் மேல் சாய்ந்திருக்கிறது, புதிதாகச் சோலார் பலகை போட்ட மொட்டை மாடியில் எந்த மரத்தின் நிழல் விழுகிறது… எல்லாம் கீழே வாய்மொழியாக இறங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அரசங்கன்று வேட்டை. காக்கை எச்சத்தில் வந்த விதை, மாடிக் கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் முளைத்திருக்கும். வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வேர் உள்ளே இறங்கினால் சுவர் பிளக்கும். அண்ணன் போய் மணியடித்து, “அம்மா, உங்க மாடிச் சுவத்துல அரசமரம் வளருது, காசு வேணாம், பிடுங்கித் தந்துடறோம்” என்கிறார். அந்த அம்மா முதலில் சந்தேகமாகப் பார்க்கிறார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வருகிறார். கன்று வேரோடு வருகிறது. கையோடு, “ஏம்பா, அந்த முருங்கையையும் கொஞ்சம் பாரேன்!” என்ற வேண்டுகோளும் வருகிறது. நான் உள்ளுக்குள் கைதட்டிக்கொண்டேன்.

ஆனால் வண்டு வீட்டுக்கு மட்டும் அண்ணன் நேராகப் போவதில்லை. “‘உங்க மரத்துக்கு நோவு’ன்னு சொல்லிக்கிட்டு வர்றவனை யார் நம்புவா?” என்கிறார். நியாயம்தான். எதிர்வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ வேலை வரும் வரை டைரி காத்திருக்கிறது. அந்த நாள் வந்ததும், பச்சை கேட் வீட்டுக்காரர் தானாகவே வெளியே வருவார். மரம் வெட்டும் சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் தமிழர் உண்டா என்ன? ஒரு மட்டை ‘தொப்’பென்று விழுந்தால் போதும், தெருவே பால்கனிக்கு வந்துவிடுகிறது. ஒருவர் யோசனை சொல்கிறார், ஒருவர் வீடியோ எடுக்கிறார், ஒரு பெரியவர் “எங்க காலத்துல” என்று ஆரம்பிக்கிறார். பார்வையாளர் கூட்டமெல்லாம் நாளைய வாடிக்கையாளர்கள்! புதுத் தெருவில் கிடைக்கும் முதல் வேலையை அண்ணன் சனி, ஞாயிறு காலைக்கே ஒதுக்குவதன் ரகசியம் இதுதான். ஆபீஸ் போகிறவர்கள் வீட்டில் இருக்க வேண்டுமே.

வண்டி நிறுத்துவதிலும் சூட்சுமம் இருக்கிறது. குட்டியானையின் பின்கதவில் நம்பர். அந்தக் கதவு எப்போதும் தெருமுனையைப் பார்த்தபடிதான் நிற்கும். கடைசியாக, கூட்டுதல். வேலை நடந்த வீட்டு வாசலோடு நிறுத்தாமல் இரண்டு பக்கத்து வாசல்களையும் கூட்டித் தழை ஒன்றுகூட இல்லாமல் அள்ளுகிறார்கள். “அரிவாளை விட விளக்குமாறுதான் சார் ஆள் பிடிக்கும்.” பல குழுக்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான் என்று எனக்கும் தோன்றியது. மரத்தை அழகாகக் கழித்துவிட்டுத் தழையைத் தெருவிலேயே விட்டுப் போனால், அண்டை வீட்டுக்காரர் நம்பரைக் கேட்பாரா, திட்டுவாரா?

ஒற்றர் படை தனி. இஸ்திரி வண்டிக்காரர், இளநீர்க் கடைக்காரர், அடுக்குமாடி வாட்ச்மேன், சாக்கடைக் குழாயில் வேர் புகுந்ததை முதலில் பார்க்கும் பிளம்பர்… தெருவில் நடப்பது இவர்களுக்குத் தெரியாமல் போகாது. வேலை கிடைத்தால் வாட்ச்மேனுக்குத் தேங்காய், பிளம்பருக்குப் பதில் உதவி: மரத்தடியில் குழாய் உடைந்திருந்தால் அண்ணன் அவர் நம்பரைத்தான் கொடுப்பார். சில போட்டியாளர்களோ சாலையோர மரத்திலேயே ஆணி அடித்து ‘மரம் வெட்டப்படும்’ என்று பலகை மாட்டுகிறார்கள்! அந்த மரம் என்ன நினைக்குமோ. மாநகராட்சி ஆட்கள் அவ்வப்போது அந்த ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் விசாரிப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள்: “மரத்துப் பக்கத்துல யாரையாவது நிக்க வெச்சு முழு மரத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க.” ஆள் நின்றால்தான் உயரம் புரியும். வருகிற படங்கள் தனி உலகம்! பேரன் போஸ் கொடுக்கிறான், தாத்தா அட்டென்ஷனில் நிற்கிறார், ஒரு படத்தில் மரத்தையே காணோம். படத்தை வைத்து விலை மட்டும் சொல்ல மாட்டார். ஈபி ஒயர் எந்தப் பக்கம் போகிறது, கீழே கொட்டகை இருக்கிறதா என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும். கிளை ஒயரைத் தொட்டுக்கொண்டிருந்தால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தினால்தான் ஏறுவார்கள். பேச்சே கிடையாது.

இந்தத் தொழிலின் தங்கச் சுரங்கம் தென்னை. பாளை ஏறக்குறைய மாதம் ஒன்று விடும். ஒரு காய் முற்ற ஒரு வருடம் ஆகும். நாற்பத்தைந்து நாளுக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை, காய் பறித்துக் கொண்டையைச் சுத்தம் செய்ய ஆள் ஏறியே ஆக வேண்டும். அதாவது, தேதி குறிப்பது மரம்! புயல் வாடிக்கையாளர்களோ பதற்றத்தில் ஒரு தடவை கூப்பிடுவதோடு சரி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை மரங்களைச் சாய்த்துப்போட்டபோது, ரம்பம் வைத்திருந்தவனெல்லாம் தொழிலதிபர் ஆனான். அண்ணனும் அப்படி வந்தவர்தான். அந்தப் புயல் வாடிக்கையாளர்கள் கலைந்துவிட்டார்கள், தென்னைக்காரர்கள் மட்டும் டைரியில் நிலைத்தார்கள்.

அதே 2016இல்தான் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது. அது சுரக்கும் இனிப்புத் திரவம் கீழே நிற்கும் கார் மேல் பிசுபிசுக்கும், ஓலையிலும் மற்ற செடிகளிலும் கரும்பூசணம் படியும். இன்று அண்ணனுக்குப் போன் செய்பவர்களில் பலர் மரத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அல்லர், காரைப் பற்றிக் கவலைப்படுபவர்கள்! “மரத்தையே எடுத்துடுங்க” என்கிறார் ஒரு கார்க்காரர். அண்ணன் சிரிக்கிறார். “சார், காரை ரெண்டடி தள்ளி நிறுத்துங்க. தண்ணியை ஓலைக்கு அடியில பீய்ச்சி அடிச்சு விடறோம். விஷ மருந்து வேணாம், அந்த ஈயைத் தின்னுற நல்ல பூச்சியும் செத்துடும்.” மரத்தை வெட்டியிருந்தால் அன்றைக்குக் கூடுதல் கூலி. வெட்டாததால் அந்தக் கார்க்காரர் தன் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நம்பரைப் போட்டார். எந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொன்னாரோ, அதிலிருந்துதான் இவருக்கு அதிகம் பேர் வந்திருக்கிறார்கள். சாலையோர மரத்தை வெட்டச் சொன்னாலும் இதே கதை: “மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வாங்கிட்டு வாங்க சார்.”

அடுக்குமாடிச் சங்கங்களைப் பிடிப்பது தனிக் கலை. செயலாளர் கேட்கும் முதல் கேள்வியே, “ஆள் விழுந்தா யார் பொறுப்பு?” அதற்குத்தான் அண்ணன் பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள் வைத்திருக்கிறார். தென்னை வளர்ச்சி வாரியம் மரமேறிகளுக்கென்றே ‘கேரா சுரக்‌ஷா’ விபத்துக் காப்பீட்டை வைத்திருக்கிறது. 2011இல் கேரளத்தில் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியும் அந்த வாரியத்தினுடையதுதான். கருவி மாட்டிக்கொண்டு பெண்களும் ஏறக் கற்றார்கள். ‘ஹலோ நாரியல்’ என்று மரமேறிகளுக்கு ஓர் அழைப்பு மையம்கூட உண்டு. பெயரே என்ன அழகு!

காப்பீட்டுத் தாளையும், இடுப்புக் கச்சையும் தலைக்கவசமும் மாட்டிய தம்பியையும் ஒருசேரப் பார்த்த செயலாளர் பேரம் பேசவே இல்லை. இத்தனைக்கும் போட்டியாளர் சொன்ன விலை குறைவு.

உங்கள் வீட்டில் மரம் இருக்கிறதா? புயல் எச்சரிக்கை வந்த இரவில் இவர்களைத் தேடாதீர்கள், அன்று ஒருவரும் போனை எடுக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணியிலேயே கூப்பிடுங்கள். ஏறுகிறவருக்குக் கச்சையும் காப்பீடும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், விலையைப் பிறகு கேட்கலாம்.